அடுத்த வெர்ஷன் வரட்டும் அத்தா

என் அறையின் வடக்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. வீடு கட்டிய மேஸ்திரி மறந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் என்று மேஸ்திரி கடைசிவரை சாதித்தாராம். எப்படியோ, பன்னிரண்டு அடிக்கு ஓட்டையே இல்லாத சுவர். அதில் தரையிலிருந்து மேலே வரை என் புத்தகங்கள். ஐஸ்லாந்து, ஜப்பான், துருக்கி, போர்ச்சுகல் என்று எங்கெங்கோ எழுதப்பட்டு, யார் யாராலோ தமிழுக்குக் கொண்டுவரப்பட்ட அறுநூறு நாவல்கள். விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். பொழிச்சலூரில் விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கும். அப்போது வீட்டின் மற்ற இடங்களில் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் அறையில் மட்டும் ஒரு பத்தியை முழுதாகப் படித்து முடிக்கலாம்.

இதே காரணத்துக்காகத்தான் அத்தாவுக்கும் அந்த அறை வேண்டும். ஹோம் தியேட்டர் வைக்க.

"ஹால்ல வைங்களேன்" என்று நான் கேட்காமல் இல்லை.

"ஹாலா அது? சந்தை. ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் சமையக்கட்டு, நடுவுல உங்கம்மாவோட சொந்தக்காரங்க."

வீட்டில் இரண்டே படுக்கையறைகள். ஒன்றில் அவர்கள், இன்னொன்றில் நான். "நீ கல்யாணமாகிப் போய்ட்டா அந்த ரூம் சும்மாதானே கெடக்கப் போவுது" என்று அத்தா முதன்முதலில் சொன்னபோது எனக்குப் பதினெட்டு வயது. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக அந்த அறையைக் காப்பாற்றிவந்தேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. செய்திகளை மட்டும் சொன்னேன்.

அத்தா தோல் வியாபாரி. நாகல்கேணியில் கலீல் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் தொழிலில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: பக்ரீத்துக்கு முந்தின வாரம் தோல் வாங்குகிறவன் முட்டாள். பண்டிகையன்று ஊர் முழுக்கக் குர்பானி கொடுப்பார்கள், மறுநாள் தோல் வண்டி வண்டியாக வந்து குவியும், விலை தலைகுப்புற விழும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனே வியாபாரி. முப்பது வருடம் அப்படி உட்கார்ந்து பழகியதில், உலகத்தில் எல்லாச் சரக்குக்கும் ஒரு பக்ரீத் இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டார். ஃபிரிட்ஜ், வேட்டி, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எச்.டி.எம்.ஐ. என்பது டிவிக்கும் மற்றப் பெட்டிகளுக்கும் நடுவே படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் கேபிள். அவ்வளவுதான். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை அதற்குப் புது வெர்ஷன் வருகிறது. வரும்போதெல்லாம் கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகள் உட்கார்ந்த இடத்திலேயே கிழடாகிவிடுகின்றன. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் குடும்பத்துக்காக நான் துவா செய்கிறேன்.

2019இல் அத்தா ரிசீவர் வாங்கக் கிளம்பினார். எல்லா கேபிளும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலி பிரிகிற நடுப்பெட்டிக்கு அந்தப் பெயர். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஃபோனை நீட்டினேன்.

"அத்தா, 2.1னு புது கேபிள் வருதாம். இப்ப இருக்கிறது பதினெட்டுதான் தாங்கும். அது நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டு என்னது?"

"ஜிகாபிட். செகண்டுக்கு."

ஜிகாபிட் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் பதினெட்டைவிட நாற்பத்தெட்டு பெரிது என்பது வியாபாரிக்குப் புரியும். செருப்பைக் கழற்றினார். "வரட்டும்" என்றார்.

2.1 வந்தது. முதலில் வந்த சில பெட்டிகளில் சிப் கோளாறு, படம் திடீரென்று கறுத்துப்போகிறது என்று நான் படித்துச் சொன்னேன். "சரியாகி வரட்டும்" என்றார். சரியாகி வந்து, விலையும் இறங்கி, இனி சொல்ல ஒன்றுமே இல்லை என்று நான் கலங்கிக்கொண்டிருந்த நேரத்தில், போன ஜனவரியில் 2.2 அறிவித்தார்கள். தொண்ணூற்றாறு ஜிகாபிட். சொன்னதும் அத்தா என் தலையில் கைவைத்து, "நீ மட்டும் இல்லைன்னா ஏமாந்திருப்பேம்மா" என்றார். அன்று கொஞ்சம் உறுத்தியது. ஒரு டேனிஷ் நாவலில் நாற்பது பக்கம் படித்ததும் சரியாகிவிட்டது.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பல்லாவரத்தில் ஒரு நகைக்கடைக்காரர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி மேனேஜர், கோவளத்தில் ஒரு சாஃப்ட்வேர் பையன். எல்லோருக்கும் அத்தாவின் பதில் ஒன்றுதான். வரட்டும், இன்னும் நல்லதா வரும்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு கொலை.

எங்கள் பழைய டிவி இந்த வருடம் மண்டையைப் போட்டது. புதிதாக வந்ததில் படம் கண்ணாடிபோல் இருந்தது, ஒலி மட்டும் பின்பக்கமாகப் போய்ச் சுவரோடு பேசியது. பழைய ஸ்பீக்கர் செட்டை மாட்டலாம் என்றால் அதன் சிவப்பு, வெள்ளை பின்களுக்குப் புது டிவியில் பொந்தே இல்லை. அப்படியே ஒரு சாயங்காலம் அத்தா கறுப்பு வெள்ளைக் கொலைப் படம் ஒன்று பார்த்தார். இரண்டரை மணி நேரம் கழித்து, கோட்டுப் போட்ட போலீஸ்காரர் எல்லோரையும் நிற்கவைத்து, "கொலையாளி வேறு யாருமல்ல" என்று கையை நீட்டினார். விமானம் வந்தது.

"யாருன்னான்?" என்றார் அத்தா.

"கேக்கலையே" என்றேன்.

பின்னால் ஓட்டிப் பார்த்தார். கை நீண்டது. இன்னொரு விமானம். மூன்றாவது தடவை ஓட்டியபோது, விமானம் போகட்டும் என்று ரிமோட்டை அழுத்தியவர் அவசரத்தில் வேறெதையோ அழுத்தி, படமே காணாமல் போய்விட்டது.

"எவனோ கொன்னான். சாப்பிட வாங்க" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அத்தா கேளம்பாக்கத்திலிருந்து பிரிட்டோவை வரவழைத்தார். ஐ.டி. கம்பெனிக்காரர்களின் ஃபிளாட்டுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக்கொடுக்கிறவர். முப்பது வயதிருக்கும். என் அறைக்குள் வந்து, நடுவில் நின்று, இரண்டு தடவை கை தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்ல ரூமு பாய்."

டீ கொண்டுவந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அத்தா கட்டிலில் உட்கார்ந்து பரீட்சை வைத்தார். "அது கெடக்கட்டும் தம்பி. 2.2 வந்துடுச்சாமே. தொண்ணூத்தாறு."

"யாரு சொன்னா?"

"எம் பொண்ணுதான். எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கு."

பிரிட்டோ டீ டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்தார். பிறகு புத்தகச் சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஆள் முட்டாள் இல்லை.

"சிஸ்டர் சொல்றது கரெக்ட்டுதான் பாய். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க வீடியோ கேம் ஆடுவீங்களா?"

"இன்னாது?"

"சரி, ஆட மாட்டீங்க. இன்னா படம் பாப்பீங்க?"

"கறுப்பு வெள்ளை. கொலைப் படம்."

"கறுப்பு வெள்ளைக்கு இன்னாத்துக்கு பாய் தொண்ணூத்தாறு? சைக்கிள்ல போறவரு ஆறு வழிச் சாலை போட்டுக் குடுன்னு கேக்கற மாதிரி கீது. புதுசு எது வந்துச்சுன்னு பாக்காதீங்க. இப்ப உங்க வூட்ல எது வேலைக்காவல, அத்தச் சொல்லுங்க."

அத்தா யோசித்தார். ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நான் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

"கொன்னது யாருன்னு கேக்கல" என்றார்.

"அவ்ளோதானே. பேச்சு வர்றதுக்கு நடுவுல நல்லதா ஒரு ஸ்பீக்கர். 2.1 ரிசீவர். பத்து வருசம் அசைக்க முடியாது. அதுக்குள்ள மூணு வந்தாலும் நாலு வந்தாலும் அது பாட்டுக்கு வந்துனு போவட்டும். கேபிள செவுத்துல வச்சுப் பூச மாட்டேன். பைப்புல வுட்டுத் தரேன். நாளைக்கு மாத்தணும்னா உருவிப் போட்டு வேற வுட்டுக்கலாம்."

முப்பது வருடப் பொறுமை ஒரு மனிதரின் உடம்பை விட்டுக் கிளம்புவதை நான் டீ டம்ளரோடு நின்று பார்த்தேன்.

"சரி, மாட்டிடு" என்றார். அதே மூச்சில் ஃபோனை எடுத்து, கோவளத்துக்குப் போட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும். ஆமா, கலீல்தான். நம்ம மொஹ்சின் விஷயமா… இனிமே எதுக்குத் தள்ளிப்போட்டுக்கினு? அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க."

டீ ஆறுவதற்குள் அறையும் போய்விட்டது, நானும் போய்விட்டேன்.

புத்தகங்கள் பதினான்கு அட்டைப்பெட்டிகளாக ஹாலுக்கு வந்தன. எனக்கு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய். மூன்று நாளில் பிரிட்டோ எல்லாவற்றையும் மாட்டி முடித்து, அந்தக் கொலைப் படத்தைப் போட்டார். போலீஸ்காரர் வாயைத் திறந்தார். கட்டில் மட்டும் மிஞ்சியிருந்த அறையில் அவர் குரல் நான்கு சுவரிலும் முட்டி, தன்னைத் தானே துரத்தியது.

"தாம்பரம் ஸ்டேசன்ல செங்கல்பட்டு வண்டிக்கு அனவுன்ஸ் பண்ற மாதிரி கீது" என்று பிரிட்டோவே ஒப்புக்கொண்டார். "செவுத்துல பஞ்சு பேனல் அடிக்கணும் பாய். சத்தத்த உறிஞ்சணும்."

"பஞ்சு எதுக்கு?" என்றார் அத்தா. "நம்மகிட்டதான் தோல் கீதே."

வேண்டாம் என்று பிரிட்டோ சொல்லியிருக்கலாம். தோல் வியாபாரியின் வீட்டில் தோலைப் பற்றி என்ன சொல்வது என்று தயங்கினார் போலிருக்கிறது. மறுநாள் நாகல்கேணி கிடங்கிலிருந்து டெம்போவில் நாற்பது எருமைத் தோல் வந்து இறங்கியது. நிறம் சரியில்லை என்று ஒரு ஷூ கம்பெனி திருப்பி அனுப்பிய சரக்கு. அத்தாவே ஸ்டூலில் ஏறி ஆணியடித்தார். சாயங்காலம் என் அறை, பெரிய பிரவுன் ஷூ ஒன்றின் உட்புறம்போல் ஆகிவிட்டது. சாயம், மீன் எண்ணெய், அவற்றுக்கு அடியில் எருமையின் சொந்த அபிப்பிராயம், எல்லாம் கலந்து ஒரு வாடை.

அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "இதுக்குள்ள உக்காந்து படம் பாக்கறதுக்கு மாட்டுக் கொட்டாயில உக்காரலாம்."

அத்தாவுக்குச் சுருக்கென்றது. "மெஹரு, முப்பது வருஷமா இந்த வாசனையிலதானே நீ சோறு தின்ற?"

"சோறு தின்னேன். அதுக்குள்ள குடி போகல."

ஒலி இன்னும் மோசமாகியிருந்தது. பிரிட்டோ ஒரு தோலைத் தடவிப் பார்த்து, "பாலிஷ் போட்ட தோலு பாய் இது. சத்தத்த வாங்கி அப்படியே திருப்பி அடிக்குது" என்றார். தலையைச் சொறிந்தார். மறுபடி கை தட்டினார். "அன்னிக்கு நான் வந்தப்ப ரூமு சூப்பரா இருந்துச்சே. நடுவுல இன்னா எடுத்தீங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஹாலைப் பார்த்தோம்.

"புக்கு" என்றார் பிரிட்டோ. "அதான் மேட்டரு. ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணு உள்ள தள்ளி, ஒண்ணு வெளிய நீட்டிக்கினு. சத்தம் பூந்து செதறிடும். இத்த வெலைக்கு வாங்கி மாட்டறவனே கீறான் பாய்."

தோல் இறங்கியது, புத்தகம் ஏறியது. நான்தான் அடுக்குவேன் என்றேன். எந்தப் புத்தகம் எங்கே என்பதில் ஒலி சம்பந்தப்பட்டிருக்கிறது, மற்றவர்கள் தொடக்கூடாது என்றேன். பிரிட்டோ எங்கோ பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார். எருமையின் நினைவு மட்டும் அறையில் லேசாகத் தங்கியது.

படம் போட்டோம். விமானம் ஒன்று கூரைமேல் போனது தெரிந்தது, ஆனால் வேறு யாருடைய வீட்டுக்கோ போவதுபோல் போனது. போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"மச்சான்காரன்தான்" என்றார் அத்தா. அவ்வளவு சந்தோஷமாக ஒரு கொலையாளியை யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். பிறகு திரும்பி என் அடுக்குகளை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருடமாக நான் காணாத மரியாதை இருந்தது. எனக்குள் ஒரு நம்பிக்கை எழுந்து உட்கார்ந்தது.

"புக்கெல்லாம் இங்கியே இருக்கட்டும்மா" என்றார். "நீ போனா அதுவும் கூடப் போகணும்னு என்ன?"

என் சொந்தப் புத்தகங்களிடம் நான் தோற்ற நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்காரர்கள் வந்தார்கள். மொஹ்சின், அவன் அத்தா, அம்மா. வழக்கமாகப் பெண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். அத்தா ரிசீவரைக் காட்டினார். எல்லோரையும் என் அறைக்கு அழைத்துப்போய், கட்டிலிலும் நாற்காலியிலுமாக உட்காரவைத்து, விளக்கை அணைத்து, கொலைப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டினார். "யாருன்னு கேட்டுச்சா? சுத்தமா கேட்டுச்சா?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உறுதி வாங்கிக்கொண்டார்.

நான் டீயும் சமோசாவுமாக உள்ளே போனேன். மொஹ்சின் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தூள் என் கட்டிலில் விழாதபடி கையைக் கீழே ஏந்திக்கொண்டு சமோசா தின்றான். அது எனக்குப் பிடித்தது. அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. எதையோ எண்ணினான். எனக்குத் தெரிந்துவிட்டது: இவன் விஷயம் தெரிந்தவன். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பவன்.

பெரியவர்கள் நிக்காஹ் தேதி என்று ஆரம்பித்துவிட்டார்கள். மொஹ்சினின் அம்மா ஷவ்வால் மாதம் என்றார். என் அம்மா சரி என்பதற்கு வாயைத் திறந்தாள்.

நான் தட்டை அவன் பக்கம் நீட்டினேன். "நீங்க இந்த லைன்லதானே இருக்கீங்க. இது லேட்டஸ்ட்டா?"

அம்மா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள்.

பாவம், மொஹ்சினின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவனுக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி. "2.1. நல்லதுதான் அங்கிள்" என்று என் அத்தாவிடம் திரும்பினான். "ஆனா 2.2 அறிவிச்சாச்சு. அதுல ரிசீவர் வந்துடும்னு சொல்றாங்க. நீங்க ஒரு வருஷம் வெயிட் பண்ணியிருக்கலாம்."

அத்தாவின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது.

"எம் பையன் இதுல கெட்டி" என்றார் மொஹ்சினின் அத்தா பெருமையாக. "போன மாசம் எங்க மச்சான் காரு வாங்கினாரு. ரெண்டு நாள் கழிச்சு இவன் போய்ப் பாத்துட்டு, அடுத்த மாடல் வருதுன்னு சொன்னான். மச்சான் இன்னும் எங்ககிட்ட பேசல."

"பாக்ஸ் வச்சிருக்கீங்கல்ல அங்கிள்?" என்றான் மொஹ்சின், அக்கறையாக. "ரிட்டர்ன் எடுத்துப்பாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்."

ஷவ்வால் மாதத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றார் அத்தா. கோவளம் வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"பையன் எப்படி? நல்ல பையனாத்தானே இருக்கான்?" என்றாள் அம்மா.

"அவனுக்கு முடிவெடுக்கத் தெரியாது. வேணாம்."

"ஏங்க?"

"இன்னிக்கு ரிசீவருக்கு வெயிட் பண்ணுன்றான். நாளைக்கு இவளக் கட்டிக்கினு போயி, இன்னும் கொஞ்சம் நாள் பொறுத்திருந்தா இதவிட நல்லதா வந்திருக்குமோன்னு யோசிப்பான். அப்படிப்பட்டவன்கிட்ட பொண்ணக் குடுக்க முடியாது."

அம்மா அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு வருஷமா ஒரு டப்பா வாங்காத மனுஷன் பேசறாரு" என்றாள்.

"அது வேற" என்றார் அத்தா. என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் எனக்கு. மத்த நேரமெல்லாம் உன் ரூம். வேற எடம் அமையற வரைக்கும்."

"சரித்தா."

நான் ஜெயித்துவிட்டேன். பாய் சுருட்டப்பட்டது, என் தலையணை என் கட்டிலுக்குத் திரும்பியது. ஆனால் டம்ளர்களை எடுக்கப் போனபோது, கட்டில் ஓரத்து அடுக்கில் அவசரத்தில் நான் தலைகீழாகச் செருகியிருந்த ஒரு நாவல் நேராக இருந்ததைப் பார்த்தேன். மொஹ்சின் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கையெட்டும் தூரம். யாருக்கும் தெரியாமல் சரிசெய்திருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொல்லவைத்தது நான். ரொம்ப நேரம் அந்தப் புத்தகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த தடவை யாரையாவது விரட்ட வேண்டியிருந்தால் நானே வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு, கதவு தட்டப்பட்டது. இருபத்துநாலு வருடத்தில் அத்தா என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"வரலாமா?"

"ஒரு அத்தியாயம் பாக்கி இருக்குத்தா."

வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.